பட்டியலில் இல்லாதவர்களை யார் எண்ணுவது? விருத்தாசலம் நகர்மன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்



குடிநீர், தெருவிளக்கு, சாலை, குப்பை, வடிகால் என்று ஒரு நகராட்சி பார்க்க வேண்டிய வேலைகளுக்குக் குறைவில்லை. தமிழ்நாட்டின் பெரும்பாலான நகர்மன்றங்களில் பொருள் நிரலை நிரப்புவதும் இவையே. ஏழைக் குடும்பத்துக்கு அரசு தரும் வீடு, வீட்டு மானியம், வாடகைக் குடியிருப்பு ஆகியவை அந்தப் பொருள் நிரலுக்குள் அபூர்வமாகத்தான் வருகின்றன. விண்ணப்பம் ஓர் அலுவலகத்துக்குப் போகிறது, ஒப்புதல் சென்னையிலும் டெல்லியிலும் கிடைக்கிறது, பணம் வங்கிக் கணக்கில் விழுகிறது, பொறியாளர் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார். இத்தனையும் உங்கள் வார்டுக்குள் நடந்தாலும் மன்றம் அதைக் கூடிப் பார்ப்பதில்லை. வீட்டுத் திட்டங்களைக் கண்காணிப்பது நகர்மன்றத்தின் உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட என்று வாதிடவே இந்த மடலை எழுதுகிறேன். கண்காணிப்பு என்றதும் பலருக்கும் திருட்டைப் பிடிப்பதுதான் நினைவுக்கு வரும். அதுவும் வேண்டியதுதான். ஆனால் மன்றத்தால் மட்டுமே செய்யக்கூடிய கண்காணிப்பு ஒன்று இருக்கிறது: பட்டியலில் யார் இல்லை என்று எண்ணுவது.

இப்போது நடைமுறை எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். 2015 ஜூனில் தொடங்கிய பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவில் சிறு நகரங்களுக்கு அதிகம் வந்து சேர்ந்தது, பயனாளி தன் சொந்த மனையில் தானே கட்டிக்கொள்ளும் வகை. தமிழ்நாட்டில் அதற்கு ஒன்றிய அரசு 1.5 லட்சம் ரூபாயும் மாநில அரசு 60 ஆயிரமும் கொடுத்தன. இந்த 2.10 லட்சமும் அடித்தளம், லிண்டல், கூரை, முடிவு என்று வேலை ஏற ஏறத் தவணையாக வரும். மாநிலத்தில் இதை நடத்தியது 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் கொண்டிருக்கும் நிறுவனம். 2024 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் ஒன்றியப் பங்கு அதே 1.5 லட்சம்தான், மாநிலப் பங்கு குறைந்தது 1 லட்சம். தொகை கூடியிருக்கிறது, வாசல் மாறவில்லை. இந்த வகையில் உள்ளே நுழைய முதல் சீட்டு பட்டா.

ஒரு பழைய கோயில் நகரத்தில் பட்டா யாரிடம் இருக்கும், யாரிடம் இருக்காது என்பதை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோயில் மனையில் குடியிருப்பவருக்கும், நீர்நிலைப் புறம்போக்கில் வீடு போட்டவருக்கும், ரயில்வே நிலத்தின் ஓரத்தில் தலைமுறையாக வாழ்பவருக்கும் இந்த வாசல் திறக்காது. வாடகைக் குடும்பத்துக்கு அந்த வாசல் இருப்பதாகவே பொருளில்லை. இந்த ஊர் பீங்கான் ஊர். மாநிலத்தின் செராமிக் தொழில்நுட்பக் கல்வி நிலையம் இங்கே இருக்கிறது. செராமிக் தொழிற்பேட்டையின் சிறு கூடங்களிலிருந்து ப்யூஸ் கேரியரும் பொம்மையும் அகல் விளக்கும் வெளியூர் போகின்றன. கொலுவுக்கும் கார்த்திகைக்கும் முன்னால் வேலை குவியும், பிறகு குறையும். இப்படி ஏறி இறங்கும் கூலியில் மாத வாடகை கட்டுகிற குடும்பத்துக்கு, சொந்த மனையில் கட்டிக்கொள் என்று சொல்லும் திட்டம் எந்தப் பதிலும் ஆகாது. தவணைக்கு முன்பே செலவு செய்து அடித்தளம் எழுப்ப வேண்டும் என்ற விதியால் பட்டா இருந்தும் கைமுதல் இல்லாதவர் பின்தங்கிப் போகிறார். இவர்கள் யாரும் நிராகரிக்கப்பட்டவர்களாகக்கூட எந்தக் கோப்பிலும் வருவதில்லை. விண்ணப்பமே போடாதவரை வாரியத்தின் கணினிக்குத் தெரியாது.

மன்றத்துக்கு இதில் என்ன அதிகாரம் என்று கேட்கலாம். அரசியலமைப்பின் 74-வது திருத்தம் 1993 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்தபோது, நகராட்சிகளுக்கு உரிய 18 பணிகள் பன்னிரண்டாம் அட்டவணையில் எழுதப்பட்டன. நலிந்த பிரிவினரின் நலன் காத்தல், குடிசைப் பகுதி மேம்பாடு, நகர்ப்புற வறுமை ஒழிப்பு மூன்றும் அதில் அடுத்தடுத்து வருகின்றன. பிரதமர் வீட்டுத் திட்டத்தின் தொடக்க வழிகாட்டுதலும் ஒவ்வொரு நகரமும் தன் வீட்டுத் தேவையைக் கணக்கெடுத்து, அனைவருக்கும் வீடு என்ற இலக்குக்குச் செயல் திட்டம் தயாரிக்க வேண்டும் என்றுதான் சொன்னது. கணக்கெடுப்பு நகரத்தின் வேலை, கட்டுமானம் வாரியத்தின் பொறுப்பு என்று பிரித்ததற்குக் காரணம் உண்டு. கட்டுபவருக்குக் கட்டிய வீட்டின் எண்ணிக்கை முக்கியம். வீடு இல்லாதவரின் எண்ணிக்கையை வேறொருவர் கையில் வைத்திருந்தால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும். அந்த இரண்டாவது எண் இல்லாமல், இத்தனை வீடு முடிந்தது என்ற அறிக்கையை எத்தனை முறை வாசித்தாலும் ஊரின் நிலை தெரியாது.

நம் ஊரைச் சுற்றியிருக்கும் கிராமங்களைப் பாருங்கள். விருத்தாசலம், நல்லூர், கம்மாபுரம் ஒன்றியங்களின் எந்த ஊராட்சியிலும், பிரதமர் வீட்டுத் திட்டத்தின் ஊரகப் பிரிவுப் பட்டியல் கிராம சபையின் முன் வைக்கப்பட வேண்டும் என்பது விதி. 2011-ன் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்த பெயர்களைக்கூடச் சபை சரிபார்த்த பிறகே காத்திருப்போர் பட்டியலாக ஏற்றார்கள். நூறு நாள் வேலைக்குச் சமூகத் தணிக்கை சட்டத்திலேயே எழுதப்பட்டது. அது எல்லா ஊரிலும் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எழுந்து நின்று, என் பெயர் ஏன் இல்லை என்று கேட்க அங்கே ஓர் இடம் இருக்கிறது. நகர எல்லைக்குள் குடியிருக்கும் கூலித் தொழிலாளிக்கு அந்த இடம் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி 73,585 பேர் வாழும் ஊரில் ஒருவருக்கு, பக்கத்துக் கிராமத்தாருக்கு இருக்கும் உரிமை இல்லாமல் போவதற்கு நியாயம் ஏதும் கிடையாது. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2022-ல் வார்டு குழு, பகுதி சபா விதிகளைத் தமிழ்நாடு கொண்டுவந்தது. கருவி கைக்கு வந்துவிட்டது. வீட்டுப் பட்டியலை அந்தச் சபையில் வைக்க வேண்டும் என்ற முடிவைத்தான் நீங்கள் எடுக்க வேண்டும்.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு, கவுன்சிலர்கள் உள்ளே வந்தால் பட்டியலில் கட்சி புகும், கமிஷன் புகும் என்பது. இதைச் சொல்பவர்களில் நேர்மையான அதிகாரிகளும் உண்டு, உங்கள் வாக்காளர்களும் உண்டு. இந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் தேர்வு வேறு, கண்காணிப்பு வேறு என்று பிரித்துப் பேசுகிறேன். ஒரு பெயரைச் சேர்க்கும் அதிகாரமோ நீக்கும் அதிகாரமோ எந்த உறுப்பினருக்கும் வேண்டாம். பட்டியலைச் சபையில் வாசிக்கச் செய்வதும், ஆட்சேபணையை எழுத்தில் வாங்குவதும், அதற்கு இத்தனை நாளில் பதில் வந்ததா என்று மன்றத்தில் கேட்பதும் போதும். ரகசியமாக ஒரு பெயரைச் சேர்க்க நினைப்பவருக்குத்தான் இந்த ஏற்பாடு தொல்லை. மூடிய அறையில் அதிகாரிகள் மட்டும் பட்டியல் போட்டால் தூய்மையாக இருக்கும் என்ற நம்பிக்கைக்கு நம் மாவட்டமே விடை சொன்னது. 2020-ல் விவசாயிகளுக்கான பி.எம். கிசான் உதவித்தொகையில் மாநிலம் முழுக்க 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்ற பெயர்கள் நுழைந்து, ஏறத்தாழ 110 கோடி ரூபாய் போனது வெளிப்பட்டபோது, அதிகம் பேசப்பட்ட மாவட்டங்களில் கள்ளக்குறிச்சி, விழுப்புரத்தோடு கடலூரும் இருந்தது. அங்கே எந்தக் கவுன்சிலரும் பட்டியல் போடவில்லை. கடவுச்சொல் கையில் வைத்திருந்தவர்கள் போட்டார்கள். விவசாயமே செய்யாதவரின் பெயர் ஊர்ச் சபையில் ஒரே ஒரு முறை வாசிக்கப்பட்டிருந்தால், நான்கு பேராவது அங்கேயே எழுந்து கேட்டிருப்பார்கள்.

கேரளம் இதைச் செய்து பார்த்திருக்கிறது. அங்கே லைஃப் மிஷன் வீட்டுத் திட்டத்தில் வரைவுப் பட்டியல் முதலில் வெளியிடப்படும். விடுபட்டவர் இரண்டு கட்டங்களில் மேல்முறையீடு செய்யலாம். அதன் பிறகே கிராம சபையோ வார்டு சபையோ பார்த்து, உள்ளாட்சி மன்றம் ஏற்று, இறுதிப் பட்டியல் ஆகும். மனையும் இல்லாதவர்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு என்பதுதான் எனக்கு இதில் பெரிதாகப் படுகிறது. நிலமில்லாதவரை நிலமில்லாதவர் என்று எழுதி வைத்ததால், அவர்களுக்கு என்ன செய்தீர்கள் என்று ஆண்டுதோறும் கேட்க முடிகிறது. கேரளத்திலும் கட்சி இருக்கிறது, சண்டை இருக்கிறது, வழக்கும் இருக்கிறது. பட்டியல் பொதுவில் இருப்பதால் சண்டையும் பொதுவில் நடக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது மறுப்பு தொழில்நுட்பம் சார்ந்தது. வீடு கட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் இடக்குறியீட்டோடு படம் ஏற்றப்படுகிறது, பணம் நேராகக் கணக்குக்குப் போகிறது, இனி மன்றம் எதற்கு என்கிறார்கள். இடைத்தரகரைக் குறைத்ததில் இந்த முறைக்குப் பங்குண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் படத்தில் சுவர் தெரியும், சுவரின் தரம் தெரியாது. சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் வாரியமே கட்டிய பல மாடிக் கட்டடங்களின் பூச்சு, கைபட்டால் உதிர்வதை 2021 ஆகஸ்டில் குடியிருந்தவர்கள்தான் காட்டினார்கள். அதன் பிறகே ஐ.ஐ.டி. நிபுணர்கள் வந்தார்கள், பொறியாளர்கள் மீது நடவடிக்கை வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட வாரியக் கட்டடம் இடிந்து விழுந்தது. ஓர் உயிரும் போகவில்லை. விரிசலைக் கண்டவர்கள் முன்கூட்டியே வெளியேறியதே காரணம். இரண்டு இடத்திலும் உண்மையை முதலில் கண்டது அந்தக் கட்டடத்துக்குள் வாழ்ந்தவர்களின் கண். சூளையிலிருந்து எடுத்த பீங்கானைத் தட்டிச் சத்தம் கேட்காமல் பெட்டியில் அடுக்காத ஊர் இது. குடியிருப்பவர் தட்டிப் பார்த்துச் சொல்வதைக் கேட்டுப் பதிவு செய்ய மன்றத்தில் ஓர் ஏற்பாடு வேண்டும் என்பதை இங்கே விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது. குடியிருப்பவர் குரலுக்குச் சட்டத்திலேயே இடம் தந்த நாடும் உண்டு. அமெரிக்காவில் 1998-ல் வந்த சட்டம் ஒன்று, பொது வீட்டு வசதி முகமைகளின் நிர்வாகக் குழுவில் அந்த உதவியைப் பெறும் ஒருவராவது பொதுவாக இருந்தாக வேண்டும் என்றது. அங்கே வாடகை உதவி பெறும் குடும்பம் குடியேறும் வீடு நேரடி ஆய்வில் தேறிய பிறகே, முகமை பொதுவாக வாடகைப் பங்கைக் கொடுக்கத் தொடங்கும்.

வாடகையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், நம் திட்டங்கள் அதிகம் தடுமாறியது இங்கேதான். 2011 கணக்கெடுப்பில் இந்திய நகரங்களின் குடும்பங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் வாடகையில் இருந்தன. அதே கணக்கெடுப்பு நகரங்களில் 1 கோடிக்கும் அதிகமான வீடுகள் பூட்டிக் கிடந்ததையும் சொன்னது. 2015-ல் வாடகை வீட்டு வசதிக்கு ஒரு தேசியக் கொள்கை வரைவு வந்தது. ஏழைக் குடும்பத்துக்கு வாடகைச் சீட்டு தரலாம் என்ற யோசனையும் அதில் இருந்தது. அது வரைவோடு நின்றது. கொரோனா முடக்கத்தில் தொழிலாளர்கள் சாலையில் நடந்தபோது நாடு அதிர்ந்தது, 2020 ஜூலையில் மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. பழைய திட்டங்களில் கட்டி, ஆள் ஏறாமல் கிடந்த ஏறத்தாழ 83 ஆயிரம் வீடுகளை வாடகைக்கு மாற்றுவது அதன் ஒரு பாதி. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அப்படி மாறியவை 6 ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. யாருக்கு, எந்த இடத்தில், எவ்வளவு வாடகையில் வீடு வேண்டும் என்ற கணக்கு ஊர் அளவில் இல்லாமல் போனது இதற்கு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. வேலைக்கு வெகுதூரத்தில் இருக்கும் வீட்டில் கூலித் தொழிலாளி குடியேற மாட்டார். இரண்டாம் கட்டத் திட்டத்திலும் வாடகைக் குடியிருப்புக்கு ஒரு பிரிவு இருக்கிறது. தொழிற்பேட்டையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு வாடகைக் குடியிருப்பு வேண்டும் என்று கேட்க இந்த ஊருக்கு முழுத் தகுதி உண்டு. கேட்பதற்குக் கையில் எண் வேண்டும். அந்த எண்ணைத் தரக்கூடியது நகராட்சி மட்டுமே.

வாடகை, வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையிலான தனி விஷயம், அதில் மன்றம் எப்படித் தலையிடும் என்று சிலர் தயங்கலாம். 1960-ன் பழைய வாடகைச் சட்டத்தை நீக்கி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவதையும் கட்டாயம் ஆக்கியது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. வாடகைத் தகராறைக் காட்டித் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது என்கிறது. வாடகை அதிகாரியாக இருப்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். இந்தப் பாதுகாப்பு, ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும் கொண்ட வாடகை வரிசைகளில் இருப்பவர்களின் காதுக்குப் போய்ச் சேர்ந்ததா? ஒப்பந்தத்தைப் பதிய உதவ நகராட்சி அலுவலகத்தில் வாரம் ஒரு நாள் ஒருவரை அமர்த்தினால் வீட்டுக்காரருக்கும் பயன்தான், பதியாத ஒப்பந்தத்தால் நாளைக்கு அவரும் வழியில்லாமல் நிற்பார். தலையீடு என்று சொல்லுமளவுக்கு இதில் எதுவுமில்லை.

ஆள் பற்றாக்குறையைப் பற்றிச் சொல்வீர்கள். அது உண்மை, எல்லா நகராட்சிக்கும் உள்ள உண்மை. ஆனால் நான் கேட்பதில் பெரும்பகுதி ஏற்கெனவே சட்டப்படி செய்ய வேண்டியது. மானியத் திட்டங்கள் எப்படி நடக்கின்றன, எவ்வளவு தொகை, யார் பயனாளி என்பதைக் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு 2005 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஏழைகளின் பெயரைச் சுவரில் ஒட்டுவது அவர்களின் மதிப்பைக் குறைக்காதா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. பெயர், வார்டு, எந்தத் தவணை வரை வந்தது என்ற மூன்றும் போதும். ஆதார் எண், வங்கிக் கணக்கு, சாதி, நோய் விவரம் எதுவும் வெளியே வரக் கூடாது. வாடகையில் இருப்போரின் கணக்கைப் பெயரில்லாமல் வார்டு வாரியான எண்ணாக மட்டும் வைத்தால் போதும். எந்தக் குடும்பம் வாடகை கட்ட முடியாமல் தவிக்கிறது என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை.

திட்டத்தின் பெயர் ஆட்சிக்கு ஆட்சி மாறும். ஊரகத்தில் 2010-ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் இருந்தது. 2011-ல் ஆட்சி மாறியதும் பசுமை வீடு வந்தது. 2024-ல் கலைஞரின் கனவு இல்லம் வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் விண்ணப்பம் புதிது, தகுதி விதி புதிது, காத்திருந்தவரின் வரிசை எண் மட்டும் மீண்டும் பூஜ்யம். நகராட்சியிடம் ஒரு நிரந்தர வீட்டுத் தேவைப் பதிவேடு இருந்தால், எந்தத் திட்டம் எந்தப் பெயரில் வந்தாலும் எட்டு ஆண்டாகக் காத்திருப்பவரை எட்டு ஆண்டாகக் காத்திருப்பவராகவே அது காட்டும். நீங்கள் 2022-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். உங்களுக்குப் பின் வரும் மன்றத்துக்கும் விட்டுச்செல்லக்கூடிய சொத்து அது.

ஆகவே அடுத்த சாதாரணக் கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை வையுங்கள். வார்டு வாரியாக வீட்டுத் தேவைப் பதிவேடு தொடங்க வேண்டும். பட்டா உள்ளவர், பட்டா இல்லாமல் குடியிருப்பவர், வாடகையில் இருப்பவர் என்று மூன்று பிரிவாக அது இருக்க வேண்டும். நகர எல்லைக்குள் ஒப்புதல் பெற்ற ஒவ்வொரு வீட்டின் நிலையையும், தவணை நின்றுபோன வீடுகளின் காரணத்தையும் வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் கோட்டப் பொறியாளர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மன்றத்துக்கு எழுத்தில் தர வேண்டும் என்று ஆணையாளர் வழியாகக் கேளுங்கள். அந்த அறிக்கையையும் புதிய பட்டியலையும் பகுதி சபாக்களில் வாசிக்க வேண்டும், ஆட்சேபணைகளை எண் போட்டுப் பதிய வேண்டும், 30 நாளில் பதில் தர வேண்டும். செராமிக் தொழிற்பேட்டை சார்ந்த தொழிலாளர் குடும்பங்களின் வாடகைத் தேவையை முதல் கணக்கெடுப்பாக எடுத்து, முடிவு வந்ததும் வாடகைக் குடியிருப்புப் பிரிவில் கோரிக்கை அனுப்புங்கள். வாரியம் அறிக்கை தர மறுத்தால் அந்த மறுப்பும் எழுத்தில் இருக்கட்டும், அதை வைத்து மாவட்ட ஆட்சியரிடம் போகலாம். தீர்மானத்தில் கட்சி வேறுபாடு எழ இடமில்லை, ஏனெனில் நகரின் 33 வார்டுகளிலும் வாடகைக் குடும்பங்கள் இருக்கின்றன. எதிர்த்து வாக்களிப்பவர் தம் காரணத்தைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யட்டும்.


உங்கள் வாக்காளர்களில் ஒருவர்